சுவருக்குக் கண் கூசாது

தம்பிகளுக்கு,

போன மாதம் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், மைக்கைப் பார்த்தேன், ‘எல்லாரும் நல்லா இருங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு எப்போதுமே வராது. ஒரு முறை பேசினேன். அது என்ன கதியானது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

மரக்காணத்தில் ஈசிஆர் ஓரமாகப் பல வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. சர்க்கரை கண்ணில் இறங்கியதால் இரண்டு வருடத்துக்கு முன் கடையை மூடினேன். எந்த வயர் எங்கே போகும், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. நாம் கட்டுகிற லைட் யார் கண்ணில் போய் விழுகிறது என்பது.

இத்தனை வருடத்தில் ஒரு ஆள்கூட என் கடைக்கு வந்து, ‘என் லைட் அடுத்தவன் கண்ணைக் கூசுது, குறைச்சு வை’ என்று கேட்டதில்லை. எல்லாரும் ஒரே பாட்டுத்தான். எதிரில் வருகிறவன் லைட் கூசுகிறது, அதனால் என் லைட்டைக் கூட்டு. அடுத்த நாள் அந்த எதிரில் வந்தவன் வருவான். அவனும் இதையே சொல்லுவான். இரண்டு பேருக்கும் கூட்டி வைத்து அனுப்புவேன். இரண்டு பேரும் மறுபடி வருவார்கள்.

சுனாமி முடிந்த அடுத்த வருடம் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போனது. எங்கெங்கோ இருந்து சாமான் ஏற்றிக்கொண்டு லாரிகளும் வேன்களும் ஈசிஆரில் ஓயாமல் வந்துபோயின. ஒவ்வொன்றின் முகத்திலும் நாலு லைட், ஆறு லைட். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர் உப்பு லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

“நூறு வாட் பல்பு போடுண்ணா. எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சி பூடணும்.”

‘அவனும் அதையேதானே கேட்பான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வாயில் வராது. பல்பை மாட்டி, ரிலே வைத்து, கண்ணாடி நடுவில் கட்டைவிரலால் கருப்புப் பெயிண்ட் தொட்டு ஒரு பொட்டு வைத்து அனுப்புவேன். எதிரில் வருகிறவருக்குக் கூசாமல் இருக்கப் பொட்டு கட்டாயம் என்பது அப்போதைய விதி; கோட்டக்குப்பம் பக்கம் போலீஸ் சோதனைக்கு நிறுத்தினால் பொட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பொட்டு இருந்தால் வண்டி போகலாம். வெளிச்சம் பொட்டைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஃபோகஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கடைக்கு எதிரில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் நீளமான சுவர். அதில் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். இருட்டின பிறகு வண்டியை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு சரியாக அந்தக் கோட்டில் உட்காரும் வரை ஸ்க்ரூவைத் திருகுவேன். மயிரிழை தப்பாது. ‘மரக்காணத்துல ஃபோகஸ்னா அவருதான்’ என்று சொல்வார்கள். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பேன்.

பங்குனி மாதம். உப்பளத்தில் வேலை மும்முரம். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்று ஆட்கள் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் மாலை லோடு ஏற்றிய லாரிகளும் அதே நேரத்தில்தான் மெட்ராஸ் பக்கம் கிளம்பும். ஒரே ரோடு.

ஒரு நாள் காலை ஒரு அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. சைக்கிளின் முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. டைனமோ லைட் நசுங்கித் தொங்கியது.

“சைக்கிள் கடை அந்தப் பக்கம்க்கா” என்றேன்.

“சைக்கிளு ரிப்பேருக்கு வர்ல. நீ கட்டின லைட்டு எங்க வூட்டுக்காரர வாய்க்கால்ல தள்ளிச்சி. அத சொல்ல வந்தேன்.”

விடியற்காலை அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கணவர் சைக்கிள் மிதித்திருக்கிறார். எதிரில் லாரி. கண் கட்டிப்போய் ரோடு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிராய்ப்பு. கணவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தக் கையால்தான் உப்பு வாரவேண்டும். அந்தப் பருவம் முழுக்க இனி அக்கா ஒருத்தி சம்பாத்தியம்தான், அதே ரோட்டில் நடந்து போய்.

லாரி ஏழுமலையுடையது. பிரம்மதேசத்துக்காரர். நல்ல டிரைவர், ஆனால் குரல் பெரிசு. மெட்ராஸில் உப்பை இறக்கிவிட்டு அன்று சாயங்காலம் திரும்பினார். கடைப் பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அக்காவும் நின்றிருந்தார்.

“நான் டிம்மு போட்டுக்கினுதான் வந்தேன்” என்றார் ஏழுமலை. “எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன். சந்தேகமா இருந்தா லைட்டு கட்டினவரு இங்கதான இருக்காரு, அவர கேளு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருட்டியதும் லாரியைச் சுவருக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். டிம் போட்டார். வெளிச்சத்தின் விளிம்பு கரிக்கோட்டில் சட்டம் வைத்த மாதிரி உட்கார்ந்தது.

“லைட்டு கரெக்டாதான் இருக்குது” என்றேன்.

“அப்ப யாரு மேல தப்பு?” என்றார் ஏழுமலை.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். ஆயுசு முழுக்க மூடிக்கொண்டிருந்தவன். அன்றைக்கென்று என் கோடு ஜெயித்த தெம்பில் வாய் திறந்தது.

“ராத்திரி போட்டது தெளிஞ்சிருக்காது” என்றேன்.

டீக்கடை மொத்தமும் சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்லி பத்துப் பேர் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அந்த அக்கா சத்தம் போடவில்லை. “அவுரு அந்த வாசனைக்கே வாந்தி எடுக்கிறவரு. இங்க சிரிக்கிற எல்லாருக்கும் தெரியும்” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “செவுத்துக்குக் கண்ணு கூசாது தம்பி. நாங்க போற நேரத்துக்கு நீ வந்து ரோட்ல நில்லு.”

நான் போகவில்லை. போக வெட்கமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

இரண்டு நாள் கழித்து அந்த அக்காவின் கொழுந்தன் தேசிங்கு வந்தார். அவரும் உப்பளத்து ஆள். சைக்கிளைக் கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டார்.

“ண்ணா, இதுக்கு லைட்டு வேணும்.”

“டைனமோவா?”

“டைனமோவ தூக்கி குப்பைல போடு. லாரி லைட்டு.”

“சைக்கிளுக்கா?”

“அவன் ரெண்டு வெச்சிக்கினு வர்றான். நான் ஒண்ணுதான கேக்கறேன்?”

அவர் அண்ணனைக் குடிகாரன் என்று சொன்னவன் நான். எப்படி மறுப்பது? பழைய வேன் ஒன்றில் கழற்றிய ஃபாக் லைட்டை ஹேண்டில்பாரில் பூட்டினேன். கேரியரில் பெட்டி கட்டி பைக் பேட்டரி வைத்தேன். மனசுக்குள் இதை நியாயம் என்றுகூட நினைத்தேன்.

“எந்த உயரத்துக்கு வெக்கணும்?” என்று கேட்டேன்.

“ஏழுமலை மூஞ்சி எவ்ளோ உயரத்துல இருக்குது?” என்றார் தேசிங்கு.

அந்த உயரத்துக்கே வைத்தேன். தம்பிகளே, அடித்துக்கொள்கிற இரண்டு பேருக்கும் கத்தி தீட்டிக் கொடுக்கிறவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ரசீது போடாத குறை.

அதற்கு மூன்றாம் நாள், உப்பை இறக்கிவிட்டுத் திரும்பிய ஏழுமலையின் லாரி என் கடை முன் வந்து நின்றது. இடது பக்க மட்கார்டு கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கத்து ஹெட்லைட்டே இல்லை. இறங்கியவர் வழக்கம் போலக் கத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

“எவனோ சைக்கிள்ல சூரியன கட்டிக்கினு வர்றான்ப்பா” என்றார். “ஒண்ணுமே தெர்ல. பிரேக்க மெறிச்சேன், ஓரமா இழுத்துக்கினு போய் மதகு கல்லுல மோதி நின்னுது. கண்ணு தெளிஞ்சி பாக்கறேன், கல்லுக்கு அந்தாண்ட நாலு பொம்பளைங்க. அப்படியே நிக்கிறாங்க. ஒருத்தி சத்தம்கூட போடல. கல்லு மட்டும் இல்லன்னா…”

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். யார் யார்?

“அந்த அக்காவும்தான்” என்றார். பிறகு, “அந்த லைட்ட கட்டினவன் கைய ஒடிக்கணும்.”

என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

“நான்தாம்பா கட்டனேன்” என்றேன்.

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “ஏம்பா, நீ யாரு பக்கம்?” என்றுதான் கேட்டார்.

கிழிந்த மட்கார்டைத் தூக்கிப் பிடித்து, அறுந்த வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “ஒடஞ்ச லைட்ட மாட்டி, பழைய மாதிரியே ஃபோகஸ் வெச்சித் தரேன். லோடு ஏத்திக்கினு நாளைக்கு அந்த நேரத்துக்கு அந்த இடத்துக்கே வா. டிம்முலயே வா, மெதுவா வா, சுவிட்சத் தொடாத. நான் ரோட்ல நிக்கிறேன்.”

அன்று சாயங்காலமே தேசிங்கிடம் போய் அந்த லைட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். நடந்ததைக் கேட்டு அவரும் பயந்துபோனார். அண்ணிதான் அங்கே நின்றார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. கழற்றிவிட்டார். ஆனால் திருப்பித் தரவில்லை. மாட்டுக் கொட்டகைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். மாட்டுக்குக் கூசாமல் கீழே பார்த்து மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலை நாலு மணி. உப்பளத்துப் பாதை ஈசிஆரில் சேருகிற இடத்தில், மதகுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அந்த அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. “இப்பதான் வழி தெரிஞ்சிதா?” என்று மட்டும் கேட்டார்.

நிலா இல்லை. ஆனாலும் இருட்டு பழகிய கண்ணுக்கு ரோடு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பக்கத்தில் உப்புக் குவியல்கள் வெளுப்பாகத் தெரிந்தன. என் செருப்புகூடத் தெரிந்தது. இந்த வெளிச்சத்தை நம்பித்தான் இவர்கள் தினமும் நடக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தூரத்தில் லாரி வந்தது. முதலில் இரண்டு புள்ளி. பிறகு புள்ளி இல்லை, ஒரே வெள்ளை. கை தானாகக் கண்ணை மறைத்தது. ரோடு இல்லை, குவியல் இல்லை, பக்கத்தில் நின்ற பெண்கள் இல்லை. இன்ஜின் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்றுகூடக் கணிக்க முடியவில்லை. ஓரமாக ஒதுங்குவோம் என்று ஒரு அடி வைத்தேன். கால் காற்றில் போனது. பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“அந்தாண்ட வாய்க்கா” என்றார் அக்கா. “எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் போனாரு. நீ இன்னா, தெளியலயா?”

லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. ஏழுமலை தலையை நீட்டி, “டிம்முதான்ப்பா போட்டிருக்கேன், வந்து பாரு” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். டிம்தான். பொய் இல்லை. ஸ்க்ரூவும் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. முந்தின நாள் சுவரில் கோட்டில் உட்கார்ந்த அதே லைட் இது. பிறகு எப்படி முகத்துக்கு வந்தது?

டார்ச்சை அடித்துக்கொண்டே லாரியைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் வந்ததும் நின்றேன். உப்பு மூட்டைகளைக் கொள்ளாத அளவுக்கு அடுக்கியிருந்தார்கள். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நேராகப் படுத்துக் கிடந்தன. பின்பக்கம் ஒரு முழம் கீழே. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

லோடு இறக்கிவிட்டுக் காலியாக வரும்போதுதான் எல்லா லாரியும் என் கடைக்கு வரும். காலி வண்டியில்தான் ஃபோகஸ் வைப்பேன். சமமாக நிற்கிற வண்டிக்கு, சமமான சுவரில், மயிரிழை தப்பாமல். பிறகு அது லோடு ஏற்றும், மூக்கைத் தூக்கும், என் கோடும் அதோடு தூக்கிக்கொண்டு போய் நடந்து வருகிறவர் கண்ணில் நிற்கும். பல்பு வேறு நூறு வாட். இதே மாதிரி நான் வைத்து அனுப்பிய உப்பு லாரிகள் மொத்தம் பதினொன்று. கோடு சரி என்று பத்துப் பேர் முன்னால் நிரூபித்திருந்தேன். கோடு சரிதான். எந்த நேரத்தில் சரி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த அக்கா மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு லாரி லோடு ஏற்றுகிற இடத்துக்கே போனேன். ஏழுமலை வண்டியில்தான் ஆரம்பித்தேன். சுவர் இல்லை, கோடு இல்லை. அக்காவைத் தூரத்தில் நிற்கச் சொன்னேன். நூறு வாட்டைக் கழற்றிப் பழைய சின்ன பல்பை மாட்டி, டிம் போட்டு, லைட்டுக்குப் பக்கத்தில் குந்தி ஸ்க்ரூவைத் திருகினேன்.

“இப்ப?”

“கூசுது.”

“இப்ப?”

“கூசுது.”

“இப்ப?”

அக்கா கண்ணுக்கு மேல் வைத்திருந்த கையை இறக்கினார். பிறகு, “உன் மூஞ்சி தெரியுது” என்றார். “தப்பு பண்ணவன் மூஞ்சி மாதிரிதான் இருக்குது. அதோட நிறுத்து.”

அதுதான் அன்றிலிருந்து என் அளவு. எதிரில் நிற்கிறவருக்கு வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவன் முகம் தெரியவேண்டும்.

இதோடு எல்லாரும் கை தட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற பத்து லாரிக்காரர்களிடமும் நடையாக நடந்தேன். “காலி வண்டில வரும்போது லைட்டு பம்பர் கீழயே வுழுது, இதுக்கு லாந்தர் கட்டிக்கலாம்” என்றார் ஒருவர். “எதிர்ல வர்ற பஸ்காரன் குறைச்சா நான் குறைக்கிறேன்” என்றார் இன்னொருவர். பஸ்காரர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பேர் வேறு கடைக்குப் போய் நூற்று முப்பது வாட் போட்டுக்கொண்டார்கள். மீதி ஏழு பேர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நான் இல்லை. ஏழுமலை. மதகுக் கல்லுக்குப் பின்னால் நின்ற நாலு பெண்களைப் பற்றி அவர் தன் பெரிய குரலில் ஒவ்வொருத்தரிடமும் சொன்னார்.

வருகிறவர்களிடமெல்லாம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன்: ‘லோடு ஏற்றிய பிறகுதான் ஃபோகஸ் வைக்கப்படும்.’ நிறையப் பேர் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நீங்களும் எழுதி மாட்டுங்கள். போகிறவர்கள் போகட்டும்.

இப்போது வருகிற வெள்ளை லைட்டுகளைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். சர்க்கரைக் கண்ணுக்கு அது ஊசி. சாயங்காலம் ஆனால் நான் ரோட்டைத் தாண்டுவதே இல்லை. கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்த ரோட்டில் நின்றீர்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அக்காவின் கணவர் வைகாசியில் கட்டுப் பிரித்துக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, நசுங்கிய டைனமோ லைட்டை என் மேஜையில் வைத்தார். டீக்கடையில் அன்று சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“நான் குடிச்சிட்டு வுழுந்தேன்னு சொன்னியாமே” என்றார்.

“ஆமாண்ணா” என்றேன். அதற்குள் டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “தப்பா சொல்லிட்டேன். லைட்டு மேலதான் தப்பு. லைட்ட வெச்சவன் நான்தான்.”

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, டைனமோவ பாரு. அதுக்குள்ள ஒரு டீ சொல்லு. சக்கர தூக்கலா” என்றார். “நான் குடிக்கிறது அது ஒண்ணுதான். எல்லாரும் பாத்துக்கட்டும்.”